பதினான்கு வயது மாமியார்

மூன்றாம் கிணறு
மே 6

ரோவீனா மதினிக்கு,

உனக்கு எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். ஜனவரியில் ஒரு வார்த்தை சொல்லாமல் விமானம் ஏறிப் போனவள் நீ. நான் காலையில் பந்தோடு உன் வீட்டு வாசலில் நிற்கிறேன், அத்தை கதவைத் திறந்து, "அவ ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குப் படிக்கப் போயிட்டாளே, உங்கிட்ட சொல்லலையா?" என்கிறாள். அந்தப் பந்தை அப்படியே உங்கள் கூரை மேல் உதைத்துவிட்டு வந்தேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது. நான் எடுக்கப் போவதில்லை.

பிறகு ஏன் எழுதுகிறேன் என்றால், மின்னல் விழுந்து டவர் போய்விட்டது, ஊரில் யாருக்கும் போன் இல்லை. இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும். இங்கே இருப்பவர்களெல்லாம் நேரிலேயே பார்த்துச் சிரித்து முடித்துவிட்டார்கள்.

ஷானெல் ஊருக்கு வந்துவிட்டாள். எனக்கு ஆறு வயது மூத்தவளாக இருந்துகொண்டு, "சித்தி, சித்தி" என்று என் காதைத் திருகுவாளே, என் பெரியக்கா மகள், அவளேதான். மேற்கே இருந்து ஒரு ஆளைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பெர்த்தில் பெரிய அணியில் இரண்டு வருடம் ஆடினவராம், முட்டி போனதால் விட்டுவிட்டாராம். எட்டு வருடமாக ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத நம் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லி எல்லோரும் போய்க் கேட்டார்கள். அவரும் சரி என்றார்.

திங்கள் சாயங்காலம் கழுத்தில் விசில், வலைப் பையில் நான்கு பந்து என்று ஆள் மைதானத்துக்கு வந்தார். நாங்கள் வரிசையாக நின்றோம். "எல்லாரும் வட்டமா..." என்று ஆரம்பித்தவர் கண் என் மேல் பட்டது. நெருப்பை மிதித்தவர் மாதிரி திரும்பினார். நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டார்.

"என்னடி, எங்க ஓடுறாரு?" என்றாள் ட்ரிஷெல்.

"லூசு, டலீலா ஷானெலுக்குச் சித்தி, அப்போ அவருக்கு மாமியார்டி!" என்றாள் இன்னொருத்தி.

அவ்வளவுதான். பத்துப் பேரும் செம்மண்ணில் விழுந்து புரண்டார்கள். நானும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன், எனக்கு நடந்துகொள்ளத் தெரியும். மருமகன்கள் கடைக்குள் வந்தால் அம்மா பின்வாசல் வழியாகப் போவதைப் பார்த்து வளர்ந்தவள்தானே நான். அவர் என்னைப் பார்க்கக் கூடாது. நான் அவர் பேரைச் சொல்லக் கூடாது. பேசக் கூடாது, ஒரே வண்டியில் போகக் கூடாது. நம் பூர்வகுடி வழக்கத்தில் அது மரியாதை, எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் இவ்வளவு மரியாதையையும் வைத்துக்கொண்டு, கையால் பிடித்துக் காலால் உதைக்கும் நம் ஆஸ்திரேலிய ஃபுட்பாலை எப்படி ஆடுவது?

கோபம் தீராத
டலீலா

*

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், மாணவியர் விடுதி
மே 15

மதிப்பிற்குரிய மாமியார் அவர்களுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் வைத்துப் படித்தேன். சிரித்ததில் பால் மூக்கு வழியாக வந்துவிட்டது. வார்டன் என்னைத் தனி மேசையில் உட்கார வைத்துவிட்டார். இனி உன் கடிதங்களைக் குளியலறையில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

எனக்கு அவர் அந்த முறை இல்லை. நான் பேர் சொல்வேன். லெஸ்டர், லெஸ்டர், லெஸ்டர். உனக்குப் பற்றிக்கொண்டு வருகிறதா?

இங்கே எல்லாம் பரவாயில்லை. படுக்கை மெத்தென்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கங்காரு வால் சுடலாம் என்று பின்பக்கம் குழி தோண்டினோம், புல்தரை கெட்டுப்போகிறதென்று ஓடிவந்து மூடிவிட்டார்கள். விடுதிக்கு ஓர் அணி இருக்கிறது, நீல ஜெர்சி. நான் சேர்ந்துவிட்டேன். இங்கே நடக்கும் ஆகஸ்ட் போட்டியில் எங்கள் அணியும் ஆடும். கோபப்படாதே. ஆடாமல் இருந்தால் எனக்குக் கால் அரிக்கிறது.

ஜனவரி விஷயம். அதைப் பற்றி எழுதி நான்கு தடவை கிழித்துப் போட்டுவிட்டேன். உன்னிடம் சொல்ல வந்தால் அழுவேன், அழுதால் போகமாட்டேன், போகாவிட்டால் அம்மா மனசு உடைந்துபோவாள். அதனால் ஓடிவிட்டேன். இப்போது எழுதும்போதும் நன்றாக இல்லை. இதைக் கிழிப்பதற்குள் உறையில் போட்டு ஒட்டிவிடுகிறேன்.

உன் மதினி
ரோவீனா

*

மூன்றாம் கிணறு
மே 28

மதினி,

நீ எழுதினதைப் படித்தேன். அதற்குப் பதில் அப்புறம் சொல்கிறேன், இப்போது வேறு விஷயம்.

நான் அணியிலிருந்து விலகிவிட்டேன்.

யாரிடமும் காரணம் சொல்லவில்லை, முட்டி வலி என்றேன். உனக்கு மட்டும் சொல்கிறேன். இரண்டு வாரமாக நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போனேன். நான் போகாத நாட்களில் அவர் மைதானத்தின் நடுவில் நின்று ஒவ்வொருத்தி காலையும் பிடித்து வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். போன வருடம் பந்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்ட ட்ரிஷெல், இப்போது ஓடிக்கொண்டே குனிந்து ஒரே கையால் எடுக்கிறாள். நான் போகும் நாட்களில் அவர் தொட்டிக்குப் பின்னாலிருந்து விசில் மட்டும் ஊதுகிறார். எந்த விசில் எதற்கு என்று யாருக்கும் புரிவதில்லை. ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு விழுகிறார்கள்.

என் ஒருத்திக்காகப் பத்துப் பேர் கற்றுக்கொள்ளாமல் நிற்பதா? நான் இல்லாவிட்டால் இந்த வருடம் அவர்கள் ஓர் ஆட்டமாவது ஜெயிப்பார்கள்.

இப்போது சாயங்காலங்களில் கடையில் டின்களை அடுக்குகிறேன். மைதானத்துச் சத்தம் அங்கே வரை கேட்கும். பீன்ஸ் டின்களைத் தலைகீழாக அடுக்கிவிட்டேன் என்று இன்றைக்குத் திட்டு வாங்கினேன்.

யாரிடமும் சொல்லாதே.

டலீலா

*

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
ஜூன் 4

டலீலா,

முட்டி வலியாம்! செம்மண் காட்டு ஈமு மாதிரி ஓடுகிறவளுக்கு முட்டி வலியாம்.

நீ விலகியது மரியாதை என்றால், சரி, அதில் நான் வாயைத் திறக்க முடியாது. ஆனால் பொய் எதற்கு? சொல்லாமல் போவது எவ்வளவு கெட்ட வேலை என்று எனக்குத் தெரியும், நான்தான் அதைச் செய்தேன். நீ இப்போது பத்துப் பேருக்கு அதையே செய்துகொண்டிருக்கிறாய். போய்ச் சொல். உட்கார்ந்து பேசுங்கள். நம் ஆட்கள் இத்தனை காலமாக மாமியாரையும் மருமகனையும் ஒரே ஊரில் வைத்துக்கொண்டு வேட்டையாடவில்லையா, சமைக்கவில்லையா, ஊர்க்கூட்டம் போடவில்லையா? எல்லாவற்றுக்கும் ஒரு வழி இருந்ததே. பந்து உதைக்க மட்டும் வழி இல்லாமல் போய்விடுமா?

இன்னொன்று. உன்னை எதிர்த்து ஆடலாம் என்றுதான் தினமும் ஐந்தரை மணிக்கு எழுந்து ஓடுகிறேன். என் ஓட்டத்தை வீணாக்கினால் சும்மா விடமாட்டேன்.

ரோவீனா

*

மூன்றாம் கிணறு
ஜூன் 12

மதினி,

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை விமானத்தில் வந்தது. வியாழக்கிழமையே இங்கே ஊர் தலைகீழாகிவிட்டது. கேள்.

நான் டின் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். மைதானத்துப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. நான்கைந்து நாளாகவே இப்படித்தான். அவரைப் பற்றி நான் விசாரிக்க முடியாதே, அதனால் பேசாமல் இருந்தேன். திடீரென்று தெருவில் ஷானெல் குரல். கடையின் தகரமே அதிர்ந்தது.

"சித்தி! வெளிய வா! முட்டி வலியாம் முட்டி! அங்க ஒரு மனுஷன் முதுகு வலின்னு நாலு நாளா சுவத்தப் பாத்து படுத்திருக்கான். எனக்கு ஏழு மாசம். எனக்குத்தான் முட்டியும் வலிக்குது, முதுகும் வலிக்குது!"

வெளியே வந்தேன். அவள் நடுத்தெருவில் இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பெண்களும், கையில் பந்தோடு.

"நீ எதுக்கு விலகுன?"

"அவர் சொல்லிக்குடுக்கணும்ல. நான் இருந்தா அவரால வர முடியாது."

ஷானெல் கண்ணை மூடித் திறந்தாள். "அவரு எதுக்கு விலகுனாரு தெரியுமா? 'அவங்க ஆடட்டும். ஊருக்கு வந்தவன் நான். நான் ஒதுங்கிக்கிறேன்'னாரு. ரெண்டு பேரும் ஒருத்தருக்காக ஒருத்தர் விலகியிருக்கீங்க!"

"ரெண்டு பேரும் போயிட்டீங்க, நாங்க நாலு நாளா பந்தை வச்சிக்கிட்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கிறோம்" என்றாள் ட்ரிஷெல். அவளுக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. எனக்கும். பிறகு யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை.

பெரியக்காவைக் கேட்டோம். அம்மாவையும் கேட்டோம். யாரும் அதிகம் யோசிக்கவில்லை. "நேராப் பேசக் கூடாது, பாக்கக் கூடாது. அவ்வளவுதானே? நடுவுல ஆள் வச்சுக்கங்க" என்றாள் பெரியக்கா.

இப்போது அவர் தொட்டிக்குப் பின்னால் காலிப் பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார். ஷானெல் இந்தப் பக்கம் உட்கார்ந்து நடப்பதைச் சொல்கிறாள். அவர் அவளிடம் சொல்ல, அவள் எங்களிடம் கத்துகிறாள். அவளுக்குக் கால் வீங்கிப் படுத்துவிட்ட நாட்களில் அவர் நாயிடம் பேசுகிறார். அவர்கள் நாய் பேர் சைலன்சர். நாள் முழுக்கக் குரைக்கும்.

"சைலன்சரு, உசரமா இருக்கறவங்க கொஞ்சம் சீக்கிரமாக் குதிக்கிறாங்கன்னு சத்தத்துல தெரியுது. ஒரு மூச்சு பொறுத்துக் குதிச்சா நல்லாருக்கும்னு எனக்குத் தோணுது. உனக்கு என்ன தோணுது?"

சைலன்சர் குரைக்கும். நான் கோல் கம்பத்தைப் பார்த்து, "கம்பமே, அது சரிதான், ஆனா காத்து எதிர்ல வந்தா என்ன பண்றது?" என்பேன். பிறகு சைலன்சருக்குப் பதில் வரும்.

பந்து காலில் படும் சத்தத்தை வைத்தே யார் உதைத்தது, விரலில் பட்டதா பாதத்தில் பட்டதா என்று சொல்லிவிடுகிறார் மதினி. நான் நேற்று ஒரு மூச்சு பொறுத்துக் குதித்தேன். பந்து தானாக வந்து கையில் உட்கார்ந்தது.

கூரை மேல் இருந்த பந்தை எடுத்துவிட்டேன். அத்தை ஏணி பிடித்தாள்.

டலீலா

*

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
ஜூலை 24

எதிரி அணி டலீலாவுக்கு,

சீட்டுக் குலுக்கிவிட்டார்கள். முதல் ஆட்டம், சனிக்கிழமை பதினொரு மணி, மூன்றாம் கிணறு எதிர் மாணவியர் விடுதி. கேட்டதும் முதலில் குதித்தேன், பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். உங்களை நான் அடித்துத் தோற்கடித்தால் எந்த முகத்தோடு செப்டம்பரில் ஊருக்கு வருவேன்? தோற்றால் இங்கே எந்த முகத்தோடு இருப்பேன்?

எங்கள் பயிற்சியாளர், "உன் ஊர் அணி எப்படி?" என்று கேட்டார். "ஒரு நெட்டைக்காலி இருக்கா" என்றேன். அதற்கு மேல் என் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒன்று சொல்லிவிட்டேன்: உன்னை நான்தான் பார்த்துக்கொள்வேன், வேறு யாரும் உன் பக்கம் வரக் கூடாது என்று.

ஷானெலைப் பார்த்தேன். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரமாம், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து விடுதியில் தங்க வைத்திருக்கிறார்கள். மலை மாதிரி இருக்கிறாள். "நான் இல்லாம அந்தாளு நாய்கிட்டயே எல்லாத்தையும் சொல்லிட்டு இருக்கான்" என்று ஒரே புலம்பல்.

லெஸ்டர் (மூன்று தடவை எழுதியதாக வைத்துக்கொள்) எப்படி வருகிறார்? ஒரே பஸ்தானே?

ரோவீனா

*

மூன்றாம் கிணறு
ஜூலை 30

நீல ஜெர்சிக்கு,

பஸ்ஸை மாமா ஓட்டுகிறார், அதில் நாங்கள். அவர் பின்னால் பெரியக்காவின் பிக்கப் வண்டியை ஓட்டி வருகிறார், கூட சைலன்சர். நானூறு கிலோமீட்டரும் எங்கள் புழுதியைத்தான் தின்னப்போகிறார்கள். பாவமாக இருக்கிறது. அவரை முன்னால் போகவிடலாம் என்றேன், அவர் மாட்டேன் என்றாராம். மாமியாருக்குப் புழுதி அடிக்கக் கூடாதாம்.

சனிக்கிழமை ஒரு மணி நேரம் நீ எனக்கு மதினி இல்லை. அதற்கு முன்னாலும் பின்னாலும் மதினிதான்.

டலீலா

*

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
ஆகஸ்ட் 7

டலீலா,

என் வலது தோளில் உன் முட்டி பட்ட இடம் நீலமாகி, பச்சையாகி, இப்போது மஞ்சளாக இருக்கிறது. பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டம் முடிந்ததும் எங்களை உடனே விடுதி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள், உன்னிடம் பேசவே முடியவில்லை. அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன். நீ பார்க்காததும் இதில் இருக்கிறது, ஏனென்றால் நீ அப்போது முகத்தை மூடிக்கொண்டிருந்தாய்.

முதலில் லெஸ்டர். தின்பண்டக் கடைத் தகரத்துக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், காதில் போன். முப்பது அடி தள்ளி எல்லைக் கோட்டோரம் நாற்காலியில் ஷானெல், அவள் காதிலும் போன். எங்கள் அணிப் பெண் ஒருத்தியின் அப்பா, டார்வின் நகரத்துக்காரர், "அந்த கோச்சுக்கு என்ன, தண்டனையா?" என்று என்னிடம் கேட்டார். "அவரோட மாமியார் ஆடுறாங்க" என்றேன். மனிதர் உங்கள் அணியில் நரைத்த தலையைத் தேடிக் களைத்துப்போனார்.

கடைசிப் பகுதியில் நாங்கள் ஒன்பது புள்ளி முன்னால் இருந்தோம். அப்போதுதான் ஷானெல் "ஆ!" என்று அலறினாள். தகரத்துக்குப் பின்னாலிருந்து லெஸ்டர் போனையே மறந்துவிட்டுக் கத்தினார்: "என்ன, கோலா?"

"கோல் இல்லய்யா! கொழந்த!"

மைதானம் முழுக்கக் கேட்டது. லெஸ்டர் எழுந்தார். இரண்டு அடி வைத்தார். நின்றுவிட்டார். ஏனென்றால் ஷானெலின் நாற்காலிக்குப் பத்து அடியில் நீ நின்றாய். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன் டலீலா. மனைவி அங்கே, கால் இங்கே.

பந்து உன் கையில் இருந்தது. நீ அதைக் கீழே போட்டாய். "எல்லாரும் நில்லுங்க!" என்று கத்தினாய். மைதானத்தின் அந்தக் கோடிக்கு ஓடினாய், கோல் கம்பத்தைப் பார்த்துக் குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாய். "அவரை வரச் சொல்லுங்க!"

அம்பயர் விசிலை வாயில் வைத்தபடி நின்றார், ஊதவில்லை. எல்லைக் கோட்டில் இருந்த நம் பூர்வகுடிப் பெண்கள், எந்தெந்த ஊர்க்காரர்களோ, ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. லெஸ்டர் ஓடிவந்தார், ஷானெலை நாற்காலியோடு தூக்கிப் பெரியக்காவின் வண்டியில் வைத்து, அவரே கிளப்பினார். வண்டி வாசலைத் தாண்டியதும் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும். நானும் தட்டினேன், நீல ஜெர்சியோடு.

பயிற்சியாளர் இல்லை, தூதும் இல்லை. நாலு நிமிடம்தான் பாக்கி. நீ எழுந்து வந்து உன் பெண்களைக் கூட்டி ஏதோ சொன்னாய். அப்புறம் ட்ரிஷெல் ஒரு கோல் போட்டாள், ஆறு புள்ளி. என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் பந்து வானத்தில் வருகிறது, நான் குதிக்கப் போகிறேன், என் தோள் மேல் ஒரு முட்டி. நீ என் மேல் ஏறி நின்று பந்தைப் பிடித்துவிட்டாய்! நீ உதைத்தது அழகான உதை ஒன்றும் இல்லை, தெரிந்துகொள். தரையில் இரண்டு தடவை குதித்து, வெளியே போகிற மாதிரி பாசாங்கு செய்து, உள்ளே போனது. சைரன் அடித்தது. மூன்று புள்ளியில் ஜெயித்துவிட்டீர்கள்.

நான் தோற்றுப்போய் இவ்வளவு சிரித்தது இதுதான் முதல் தடவை.

லெஸ்டரின் போன் தகரத்துக்குப் பின்னால் கிடந்தது, ஷானெலின் போன் புல்லில். இரண்டையும் நான்தான் எடுத்து உங்கள் மாமாவிடம் கொடுத்தேன். இப்போது சொல்: என்ன சொன்னாய் அவர்களிடம்? அப்புறம் என்ன ஆயிற்று? எனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை.

ரோவீனா

*

மூன்றாம் கிணறு
ஆகஸ்ட் 15

என் மதினிக்கு,

தோளுக்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். அது நல்ல தோள்.

அவர்களிடம் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "எம் மகளுக்கு வலி வந்துடுச்சு. சீக்கிரம் முடிச்சிட்டுப் போகணும், வாங்கடி" என்றேன். அவ்வளவுதான்.

மறுநாள் அடுத்த ஆட்டத்தில் அறுபத்திரண்டு புள்ளியில் தோற்றோம். அதை இங்கே யாரும் பேசுவதே இல்லை.

சனிக்கிழமை சைரன் அடித்ததும் குளிக்கவில்லை, உடை மாற்றவில்லை. பஸ்ஸை நேரே ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிறந்துவிட்டது. பெண். வெளியே பெஞ்சில் ஏழு பேர் உட்கார்ந்தோம், மற்றவர்கள் பஸ்ஸில் தூங்கிவிட்டார்கள். எங்கள் காலுக்குக் கீழே தரையெல்லாம் செம்மண்.

கதவு திறந்தது. நர்ஸ் ஓர் அம்மா, டெனன்ட் கிரீக் ஊர்ப் பக்கத்து நம் ஆள்தான். என்னைப் பார்த்து, "அந்தப் பையன் முதல்லயே அந்தப் பக்கத்துக் கதவு வழியாப் போயிட்டான். 'அவங்க வந்து முதல்ல தூக்கட்டும்'னு சொல்லச் சொன்னான்" என்றாள். பிறகு குரலை உயர்த்தி, "பாட்டி மட்டும்தான் உள்ள வரலாம். யாரு பாட்டி?" என்றாள்.

ஏழு பேரும் எழுந்தோம்.

அந்த ஏழு பேரில் முறைப்படி பாட்டி நான் ஒருத்திதான் மதினி. மற்றவர்களெல்லாம் அத்தை, அக்கா, இன்னும் என்னென்னவோ. அந்த அம்மாவுக்கு அது தெரியாதா என்ன? எங்களை வரிசையாகப் பார்த்தாள், ஜெர்சியையும், கிழிந்த முட்டியையும், ட்ரிஷெல் தலையில் ஒட்டியிருந்த புல்லையும். "எல்லாரும் பாட்டியா? சரி. எல்லாப் பாட்டிகளும் போய்க் காலக் கழுவிட்டு வாங்க."

என் கையில் துண்டு விரித்து, அதில் குழந்தையை வைத்தார்கள். சாம்பலில் சுட்டெடுத்த ஒரு டேம்பர் ரொட்டி அளவுதான் இருந்தது, அதே சூடு. எனக்குப் பதினான்கு வயதுதான், ஆனால் அந்த நிமிடம் நான் பாட்டிதான், யாரும் சிரிக்க முடியாது. குழந்தை எங்கள் எல்லோர் பக்கமும் முகத்தைத் திருப்பிவிட்டுப் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது.

ஷானெல் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஏ சித்தி. ஆட்டம் என்னாச்சு? யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்க. அவருக்கும் தெரியாது, போனைக் காணும்."

நான் மெதுவாகத்தான் சொல்லலாம் என்று இருந்தேன், குழந்தை தூங்குகிறதே என்று. ஆனால் ஏழு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்துவிட்டோம்.

"ஜெயிச்சிட்டோம்!"

நர்ஸம்மா ஓடிவந்தாள். குழந்தை வீறிட்டது. ஜன்னல் திறந்திருந்தது. கீழே கார் நிறுத்தும் இடத்திலிருந்து ஓர் ஆண் குரல் "ஊஊ!" என்று கத்தியது, கூடவே ஒரு நாய் குரைத்தது. எட்டு வருடத்துக்கும் சேர்த்து, நிறுத்தாமல் கத்திக்கொண்டே இருந்தது அந்தக் குரல்.

யார் என்று நான் எழுதமாட்டேன்.

டலீலா